பழைய இரும்பு, பழகிய கை

பஞ்சாபின் மால்வா பகுதியில் தாத்தா காலத்து டிராக்டர்களுக்குப் புது மவுசு. பேரன் கைக்கு வண்டி வந்துவிட்டது. அதை ஓட்டும் பக்குவமும் கூடவே வந்ததா?

டெல்லியிலிருந்து பட்டிண்டா செல்லும் ரயில் மான்சாவை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு குன்றுகூடத் தென்படுவதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளம். பருவத்துக்கு ஏற்ப பருத்தி, நெல், கோதுமை. மேடு என்று சொல்ல இருப்பது கால்வாய்க் கரை மட்டுமே. சத்தத்தைத் தடுக்க எதுவும் இல்லாத இந்த மண்ணில், தூரத்தில் வரும் டிராக்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் அடையாளம் சொல்லிவிடுகிறார்கள் ஊர்க்காரர்கள். மூன்று சிலிண்டர் ஃபோர்டு ஒரு மாதிரி, மாசி ஒரு மாதிரி. நான்கு சிலிண்டர் ஹெச்.எம்.டி.யின் கனத்த குரல் தனி.

அந்தக் குரலுக்கு இன்று பஞ்சாபில் ஒரு புனிதத்தன்மையே வந்துவிட்டது. காரணம், மான்சா மாவட்டத்தின் மூசா கிராமம். பாடகர் சித்து மூசேவாலாவின் ஊர் அது. அவர் நேசித்தது வெளிநாட்டுக் காரை மட்டுமல்ல, ஹெச்.எம்.டி. 5911 என்ற பழைய டிராக்டரையும்தான். பாடல்களில் அது வந்தது, வீடியோக்களில் வந்தது. தன் இசைக் கம்பெனிக்கே '5911' என்று பெயர் வைத்தார். 2022 மே 29-ம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து அவரது உடல் கடைசியாக ஊர்வலம் போனதும் அதே 5911-ல்தான். சொந்த நிலத்திலேயே தகனம் நடந்தது. இன்றும் அவரது நினைவிடத்துக்கு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களில் பலர் ஊர் திரும்பியதும் தேடுவது ஒரு பழைய 5911. புதிதாக வாங்க வழியில்லை. அதைத் தயாரித்த ஹெச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 அக்டோபரில் முடிவு செய்துவிட்டது. ஆகவே மாட்டுத் தொழுவத்தின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் வெளியே வருகின்றன. பெயின்ட் அடித்து, அகலமான டயர் மாட்டி, மட்கார்டில் ஸ்பீக்கர் பொருத்தி, மறுபடி சாலைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அந்த வண்டிகள் உருவான காலத்தில் ஓட்டுபவரைக் காப்பாற்றும் சட்டகம் கிடையாது, பெல்ட் கிடையாது. காப்பாற்றியது ஓட்டியவரின் பழக்கம் மட்டுமே. வண்டியைச் சொத்தாகப் பெற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்து சேர்ந்திருக்கிறதா என்பதுதான் மால்வாவின் புதிய கவலை.

பிர்னோவிலிருந்து பிஞ்சோர் வரை

பஞ்சாபிகளுக்கு டிராக்டர் மீதுள்ள பாசம் பச்சைப் புரட்சிக்கும் முந்தியது. சுதந்திரத்தை ஒட்டி, போரில் மிஞ்சிய அமெரிக்க ராணுவ டிராக்டர்களை வைத்துக்கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு களை மண்டிய தரிசுகளை உழத் தொடங்கியது. 1956-ல் ராஜஸ்தானின் சூரத்கரில் சோவியத் யூனியன் அன்பளிப்பாகத் தந்த இயந்திரங்களுடன் ஒரு மாபெரும் அரசுப் பண்ணை உருவானது. பஞ்சாப் எல்லையிலிருந்து அது அதிக தூரமில்லை. பாலைவனத்தின் ஓரத்தில் இரும்பு மாடுகள் வரிசையாக உழுவதைப் பார்த்த விவசாயிக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஆசைக்குத் தீனி போட்டவை வெளிநாட்டுப் பெயர்கள். 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் முதல் இந்திய டிராக்டரைத் தயாரித்தது. 1960-களில் மகிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கைகோத்து 'பி-275'-ஐக் கொண்டுவந்தது. எஸ்கார்ட்ஸ் ஃபோர்டுடன் சேர்ந்தது. மால்வாவில் 'மாசி' என்று செல்லமாக அழைக்கப்படும் மாசி ஃபெர்குசன் சென்னையிலிருந்து வந்தது. 'டாஃபே' தயாரித்த அந்த வண்டியின் உள்ளே துடித்தது சென்னை சிம்சன் கம்பெனியின் இன்ஜின். மவுன்ட் ரோட்டில் 'சிம்சன்' பஸ் ஸ்டாப்பில் இறங்கிய பலருக்கு, அந்தப் பெயர் பஞ்சாப் வயல்களிலும் பிரபலம் என்பது தெரிந்திருக்காது.

5911-ன் பூர்வீகம் வேறு. செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ நகரத்து 'ஜீட்டர்' டிராக்டர்தான் அதன் மூதாதை. கல்யாணத்துக்குக் கைக்கடிகாரம் செய்து கொடுத்த அதே ஹெச்.எம்.டி., 1971-ல் சிவாலிக் மலையடிவாரத்தில் பிஞ்சோர் ஆலையில் ஜீட்டர் தொழில்நுட்பத்தில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. முதல் வண்டி 25 குதிரைசக்தி கொண்ட 2511. பெயரின் முதல் இரண்டு எண்கள் குதிரைசக்தியைச் சொல்லும். 5911 என்றால் 59. கனமான வார்ப்பிரும்பு உடல், சிக்கலில்லாத இன்ஜின், கிராமத்து மிஸ்திரி சாவி ஸ்பேனரோடு மரத்தடியில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கக்கூடிய அமைப்பு. இவைதான் அதன் ஆயுள் ரகசியம்.

1974-ல் மொகாலியில் பிறந்த 'ஸ்வராஜ்' இன்னொரு பெருமை. துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிலையத்தில் இந்தியர்களே வடிவமைத்த டிராக்டர் அது. ஆனால் ஒன்று. இந்த எல்லா வண்டிகளும் வந்த புதிதில் அவற்றுடன் ஒரு கல்வியும் வந்தது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையோரம் புத்னியில் 1955-லும், ஹிசாரில் 1963-லும் தொடங்கிய அரசு நிலையங்களில் டிராக்டர்கள் சோதிக்கப்பட்டன, ஓட்டுபவர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. அங்கே போகாதவர்கள் போய்வந்தவரிடம் கற்றார்கள். அப்பா மகனுக்குச் சொன்னார். சங்கிலி எங்கோ ஓரிடத்தில் அறுந்தது.

மண்டியில் மாப்பிள்ளை பார்ப்பது

மோகா, மலோட், பர்னாலா என்று பல ஊர்களில் பழைய டிராக்டர்களுக்கென்றே சந்தை கூடுகிறது. திறந்த வெளியில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும் வண்டிகள். செல்ஃபோனில் படமெடுத்து யூடியூபில் விலை சொல்லும் இளைஞர்கள் ஒருபுறம். மறுபுறம், எதுவும் பேசாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வரும் பெரியவர்கள். வித்தியாசம் அவர்கள் கையை எங்கே வைக்கிறார்கள் என்பதில் தெரிகிறது. இளைஞரின் கை பளபளக்கும் பானெட்டின் மேல். பெரியவரின் கை இன்ஜின் பிளாக்கின் மேல்.

இன்ஜின் சூடாக இருந்தால் அவர் நகர்ந்துவிடுவார். வாங்குபவர் வருவதற்கு முன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த நிலையில் எளிதில் பற்றிக்கொள்ளாத வண்டியைத்தான் அப்படி மறைப்பார்கள். அடுத்து ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பார். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை. சூடேறிய பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது, அல்லது டீசல் சரியாக எரியவில்லை.

பிறகு உயிர் சம்பந்தப்பட்ட சோதனைகள். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஆட்டினால் முன்சக்கரம் அசைகிறது? முன் ஆக்சிலின் நடுப் பின் தேய்ந்திருக்கிறதா? இரண்டு பிரேக் பெடல்களும் ஒரே அளவு இறங்குகின்றனவா? கல்டிவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தால் அது அப்படியே நிற்கிறதா, சரசரவென்று இறங்குகிறதா? கடைசியில்தான் சேசிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. இவ்வளவும் முடிந்த பிறகே விலை. பெண் கொடுக்கும் வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி இதைவிடக் குறைவாகத்தான் விசாரிப்பார்கள்.

வாங்கிய வண்டி அடுத்து போகும் இடம் மிஸ்திரியின் பட்டறை. கிரீஸில் ஊறிய மண் தரை, வேப்பமரம், டீசல் வாடை. 'உஸ்தாத்' என்று அழைக்கப்படும் பெரிய மிஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து காதால் நோய் பார்ப்பார். 'காக்கா' என்று அழைக்கப்படும் பையன்கள் போல்ட்டைக் கழற்றுவார்கள். காக்கா என்றால் பஞ்சாபியில் சின்னப் பையன், நம் ஊர்க் காகம் அல்ல. உதிரி பாகங்கள் லூதியானாவின் சிறு பட்டறைகளிலிருந்தோ, டெல்லி மோரி கேட் கடைவீதியிலிருந்தோ வரும். அசல் எது, போலி எது என்று எடையை வைத்தே சொல்லும் கைகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன.

பழைய டிராக்டரின் பராமரிப்பு கிலோமீட்டரில் கணக்கிடப்படுவதல்ல, மணியில். 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, அதாவது தினமும், ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், சக்கர நட்டு, கிரீஸ் நிப்பிள். சுமார் 250 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில் மாற்றம். மணி காட்டும் மீட்டர்தான் பெரும்பாலான பழைய வண்டிகளில் என்றோ நின்றுபோயிருக்கும். எனவே உழுத ஏக்கர் கணக்கே மீட்டர். அறுவடைக் காலத் தூசியில் மிக முக்கியமானது ஆயில் நிரப்பிய ஏர் கிளீனர். அதன் கிண்ணத்தில் அடியில் படியும் சேற்றை அன்றாடம் கழுவ வேண்டும். அலட்சியம் செய்தால் வயல் மண்ணே இன்ஜினுக்குள் போய் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். கூடுதல் அக்கறையில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றுவதும் ஆபத்து. இன்ஜின் அதை உறிஞ்சி, டீசல் இல்லாமலே தறிகெட்டு ஓடத் தொடங்கலாம். அப்போது ஸ்டாப் குமிழை இழுத்துப் பயனில்லை. காற்று போகும் வழியை அடைத்தால்தான் நிற்கும்.

பராமரிப்பே சில சமயம் ஆளைக் கடித்துவிடும். டீசல் குழாயில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பது பல பட்டறைகளில் வழக்கம். இன்ஜெக்டர் குழாயிலிருந்து ஊசிபோலப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளி. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே முறை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது, தூக்கி நிற்கும் கல்டிவேட்டருக்கு அடியில் கட்டை வைக்காமல் படுப்பது, குளிருக்குப் பயந்து மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடுவது எல்லாமே இந்த ரகம்தான்.

இரண்டு விநாடிக் கணக்கு

மால்வா சமதளம் என்பதாலேயே இங்கே டிராக்டர் கவிழாது என்று நினைப்பவர்கள் உண்டு. கவிழ்வதற்கு மலை வேண்டியதில்லை. நெல் நடவுக்குச் சேறாக்கிய வயல் போதும். பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்து திரும்ப மறுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் கோபத்தில் ஆக்சிலரேட்டரை ஏற்றி கிளட்சைச் சட்டென்று விடுகிறார். இன்ஜினின் பலம் எங்காவது போயாக வேண்டும். சக்கரத்தைச் சுழற்ற முடியாத அந்த பலம், டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்குகிறது. மூக்கு எழுகிறது. முழு வண்டியும் பின்பக்கமாக மல்லாந்து விழ இரண்டு விநாடி பிடிக்காது. முன்பக்கம் தூக்குவதை உணர்ந்து கால் கிளட்சுக்குப் போவதற்குள் கதை முடிந்துவிடும்.

சக்கரம் திரும்புவதற்காக அதன் குறுக்கே மரக்கட்டையைக் கட்டுவது இன்னும் மோசம். கட்டை தரையில் முட்டியதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், உடல் எழும்பும். பழைய ஆட்கள் செய்வது வேறு. ரிவர்ஸில் மெதுவாக வெளியே வரப் பார்ப்பார்கள். வராவிட்டால் சக்கரத்தின் முன்னால் மண்ணை வெட்டிச் சரிவு செய்வார்கள். அதுவும் முடியாவிட்டால் அக்கம்பக்கத்து டிராக்டருக்குச் சொல்லி அனுப்புவார்கள். மால்வாவின் ஒரே மேடான கால்வாய்க் கரையில் ஏறுவதற்கும் அவர்களிடம் ஒரு வழி உண்டு. செங்குத்தான இடமாக இருந்தால் பின்பக்கமாக ஏறுவது, முன்பக்கமாக இறங்குவது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்கும்.

இழுக்கும் சங்கிலியை எங்கே மாட்டுவது என்பது அடுத்த பாடம். வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் டிராபார்தான் அதற்கான இடம். அதைவிட உயரத்தில், அச்சிலோ மேலே உள்ள டாப் லிங்கிலோ மாட்டினால், சுமை வண்டியைப் பின்னுக்கு இழுக்காமல் மல்லாத்தும். ஸ்வீடனில் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தால் காக்கும் சட்டகம் 1959-லேயே கட்டாயமாகிவிட்டது. மால்வாவில் ஓடும் பழைய வண்டிகளில் ஓட்டுபவரின் தலைக்கு மேல் இருப்பது வானம் அல்லது ஒரு துணிப் பந்தல்.

கவிழ்வது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு அப்படியல்ல. ரொட்டாவேட்டருக்கும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் சக்தி கொடுக்கும் தண்டு அது. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. தளர்ந்த குர்தாவின் நுனி, துப்பட்டா, அவிழ்ந்த தலைப்பாகை, எது பட்டாலும் ஒரு விநாடியில் இரண்டு மீட்டர் அளவுக்குத் துணியைச் சுருட்டிவிடும். துணியோடு ஆளும் போக வேண்டியதுதான். அதன் மேல் போட்டிருந்த உறை, பழைய வண்டிகளில் எத்தனையோ அறுவடைக்கு முன்பே கழன்று போயிருக்கும். இன்னொரு விஷயம், பல பழைய மாடல்களில் பி.டி.ஓ. கியர்பாக்ஸோடு இணைந்தே ஓடும். கிளட்சை மிதித்தாலும் ரொட்டாவேட்டரின் சுழல் வேகம் டிராக்டரை முன்னால் தள்ளும். வரப்பு ஓரம் வந்ததும் நிற்கும் என்று நம்பியவரின் வண்டி வாய்க்காலில் நிற்கும்.

பச்சைப் புரட்சிக் காலத்தில் கதிரடிக்கும் இயந்திரங்களில் கையை இழந்தவர்கள் கதை பஞ்சாபின் கிராமத்துக்குக் கிராமம் உண்டு. அதன் விளைவாகவே 1983-ல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. விவசாய இயந்திரத்தில் அடிபட்டவர்களுக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் பஞ்சாப் மண்டி வாரியம் உதவித்தொகை தருகிறது. அந்த மனுக்களில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு இருந்தால் படிப்பறிவில்லை என்றுதான் நினைப்பார்கள். சில சமயம் விரல்களே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

மிகச் சாதாரணமாக நடக்கும் இரண்டு தவறுகள்தான் மிகக் கொடியவை. ஒன்று, ஸ்டார்ட் சாவி வேலை செய்யாத வண்டியை, கீழே நின்றபடி ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் திருப்புளியால் இணைத்துக் கிளப்புவது. கியரில் விட்டிருந்தால் வண்டி உடனே பாயும். கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் சுவிட்ச் பழைய வண்டிகளில் இல்லை, அல்லது வயரிங் மாற்றும்போது போய்விட்டது. இருந்தாலும் திருப்புளி அதைத் தாண்டிப் போய்விடும். நின்றுகொண்டிருப்பவரோ சரியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால். இரண்டாவது, மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைப்பது. பாசத்தால் செய்வது. ஒரு குழி, ஒரு சடன் பிரேக் போதும். பிள்ளை விழும் இடம் அதே பின்சக்கரம்தான். ஸ்பீக்கரின் இரைச்சலில் கீழே எழும் அலறல் ஓட்டுபவருக்குக் கேட்காது.

சங்கிலியின் இரு முனைகளில்

'டோச்சன்' என்ற பஞ்சாபிச் சொல்லின் மூலம் 'டோ செயின்' என்ற ஆங்கிலச் சொல். பழுதான வண்டியை இழுக்கும் சங்கிலி. இன்று அது ஒரு போட்டியின் பெயர். முதுகோடு முதுகாக இரண்டு டிராக்டர்களைச் சங்கிலியால் பிணைத்து, எது எதை இழுக்கிறது என்று பார்ப்பது. டீசல் பம்பின் ஸ்குரூவைத் திருகி வேகத்தைக் கூட்டி, சைலன்சரைக் கழற்றிவிட்டு, மூக்கு வானத்தைப் பார்க்க இரண்டு பழைய வண்டிகள் உறுமும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். சேற்று வயலில் தப்பித்தவறி நடக்கக்கூடாது என்று அப்பா சொல்லித் தந்த அதே காரியத்தை, மகன் வேண்டுமென்றே மைதானத்தில் செய்துகாட்டுகிறான்.

சாகசமும் சேர்ந்துகொண்டது. முன்சக்கரங்களை அந்தரத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களில் வட்டமடிக்கும் டிராக்டரிலிருந்து இறங்கி, அதனுடன் ஓடி, மறுபடி ஏறுவது. 2023 அக்டோபர் 28-ம் தேதி குர்தாஸ்பூர் மாவட்டத்தின் சர்சூர் கிராமத்து விளையாட்டு விழாவில் ஓர் இளம் சாகசக்காரர், தானாகச் சுற்றிக்கொண்டிருந்த டிராக்டரின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கூட்டத்தின் செல்ஃபோன்கள் அதையும் படமெடுத்தன. அடுத்த சில நாட்களுக்குள் முதல்வர் பகவந்த் மான் டிராக்டர் சாகசங்களுக்கு மாநிலம் முழுவதும் தடை விதித்தார். டிராக்டர் வயலின் ராஜா, அதை எமனாக்காதீர்கள் என்பது அவர் விடுத்த வேண்டுகோளின் சாரம்.

தடை மைதானத்துக்குத்தான். சாலைக்கு யார் தடை போடுவது? டிசம்பர், ஜனவரியில் மால்வாவின் மேல் மூடுபனி இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கரும்போ வைக்கோலோ ஏற்றிய டிராலி, பிரேக் இல்லாமல், பின்விளக்கு இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஜனவரி நடுவில் முக்த்சரின் மாகி மேளாவுக்குக் குடும்பம் குடும்பமாக டிராலியில் போவதும் உண்டு. டிராலி சரக்குக்கானது, ஆட்களுக்கானதல்ல என்கிறது விதி. ஆனால் டிராலியில்தான் பஞ்சாபி கல்யாணத்துக்குப் போகிறான், மேளாவுக்குப் போகிறான். 2020 நவம்பரில் டெல்லி எல்லைக்குப் போராடப் போனதும் டிராலியில்தான். டிக்ரியில் ஓராண்டுக்கும் மேலாக அதுவே வீடாகவும் இருந்தது.

போவதைத் தடுக்க முடியாது என்றால், போகும் விதத்தையாவது திருத்தலாம். சாலைக்கு வரும் முன் இடது, வலது பிரேக் பெடல்களைத் தாழ்ப்பாள் போட்டு இணைக்க வேண்டும். வயலில் சட்டென்று திரும்புவதற்காகப் பிரித்து வைத்த பெடல்களில் ஒன்றை மட்டும் நெடுஞ்சாலையில் மிதித்தால் வண்டி பம்பரமாகிவிடும். டிராலியை மாட்டும் பின்னுக்குப் பூட்டு ஊசியும், கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும். டிராலியின் முதுகில் சிவப்பு ஒளிரும் பட்டை. 5911-ஐப் புதுப்பிக்கக் கணக்கில்லாமல் செலவழிப்பவருக்கு இவை ஒரு பொருட்டே அல்ல. ஸ்பீக்கருக்கு ஆகும் செலவில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பட்டை ஒட்டிய டிராலியைப் பற்றி யாரும் பாட்டு எழுதப்போவதில்லை.

கட்டிலில் ஒரு கேள்வி

பழைய டிராக்டரை ஒழித்துவிடுவது தீர்வல்ல என்பதில் மால்வாவில் இரண்டு கருத்து இல்லை. இந்தியாவில் 2022-23-ல் மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான புது டிராக்டர்கள் விற்றன. நெல் தாளைக் கொளுத்தாமல் கோதுமை விதைக்க உதவும் புதிய கருவிகள் அதிக குதிரைசக்தி கேட்கின்றன. கடன் வாங்கி அவற்றை வாங்கியவர்கள் பலர். ஐந்து ஏக்கர்காரருக்கு அந்தக் கடன் நிலத்தையே தின்றுவிடும். அவருக்குத் தாத்தாவின் 2511-ம், அப்பாவின் மாசியும்தான் கட்டுப்படியாகும். வண்டி பழையது என்பது குற்றமல்ல. தேய்ந்த பின்னை மாற்றலாம், கழன்ற உறையைத் திரும்ப மாட்டலாம், செத்த ஸ்டார்ட் சாவிக்கு உயிர் கொடுக்கலாம். மிஸ்திரியிடம் முதலில் பெயின்ட்டைப் பற்றிக் கேட்காமல் பிரேக்கைப் பற்றிக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியைக் கற்றுக்கொடுக்கப் பட்டறையால் முடியாது. அதற்கு இன்னும் சில வீடுகளின் வாசலில் 'மஞ்சி' என்னும் கயிற்றுக் கட்டிலில் ஓர் ஆசிரியர் படுத்திருக்கிறார். கண் மங்கியவர். காது கூர்மை. சாயங்காலம் வயலிலிருந்து வரும் வண்டியின் சத்தத்திலேயே வால்வு இடைவெளி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். வண்டி முற்றத்தில் வந்து நின்றதும் இன்ஜினை உடனே அணைக்காமல் சற்று நேரம் மெதுவாக ஓடவிட வேண்டும். கல்டிவேட்டரைத் தரையில் இறக்க வேண்டும். நியூட்ரலுக்கு வந்து, கைப்பிரேக்கைப் போட்டு, ஸ்டாப் குமிழை இழுத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் இரவு முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் வண்டியில் ஏறினாலும் எதுவும் அசையாது.

இந்த வரிசை எந்தப் பாட்டிலும் வராது, யூடியூபிலும் அதிகம் பார்க்கப்படாது. எத்தனை ஏக்கர் உழுதாய் என்று பெரியவர் பேரனிடம் கேட்பதில்லை. இன்ஜின் சத்தம் அடங்கியதும் கட்டிலிலிருந்து வருவது ஒரே கேள்வி: "காக்கா, கல்டிவேட்டரைக் கீழே இறக்கினியா?"

பதில் வரும்வரை அவர் திரும்பிப் படுப்பதில்லை.